மூத்தவளிடம் சொல்லாமல் வந்த தாய்

பிரசவ வார்டில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண்களே, உங்களுக்கு எதை எழுதுவது என்று நான் ரொம்ப யோசித்தேன். பிரஷர் பார்ப்பதையும் தொப்புள்கொடி வெட்டுவதையும் படிக்கும்போதே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். அதையே நானும் திரும்பச் சொன்னால் கொட்டாவி விடுவீர்கள். உங்கள் வயதில் நானும் அப்படித்தான். ரிட்டயர் ஆன சிஸ்டர் யாராவது வாயைத் திறந்தால் டீ குடிக்கப் போய்விடுவேன். அதனால் பாடத்தில் இல்லாத ஒரு விஷயத்தை மட்டும் சொல்கிறேன். இரண்டாவது பிரசவத்துக்கு வருகிற பெண்ணைப் பற்றி.

முதல் பிரசவம் என்றால் எங்கள் பக்கத்தில் அது ஒரு திருவிழா. வளைகாப்பு போட்டு, வகைவகையாகச் சாதம் கட்டி, பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போவார்கள். வலி வந்தால் அம்பாசிடர் கார் வரும். காருக்குள் அம்மா, பெரியம்மா, சித்தி என்று ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்து வருவார்கள். அப்பாவும் மாமாவும் பின்னால் வண்டியில் வருவார்கள். எல்லாரும் வெளியே நின்றுகொண்டு, கதவு அசைந்தால் போதும், "நர்சம்மா, ஆச்சா?" என்பார்கள்.

அதே பெண் இரண்டாவது பிரசவத்துக்கு டவுன் பஸ்ஸில் வருவாள். வளைகாப்பும் கிடையாது, தாய்வீட்டுக்கு அழைத்துப்போவதும் கிடையாது. இரண்டாவது பெரும்பாலும் புருஷன் வீட்டுப் பொறுப்பு. கையில் ஒரு வயர் கூடை, கூட மாமியார் மட்டும். பஸ்ஸில் டிக்கெட் வாங்கியதும் அந்தப் பெண்ணாகத்தான் இருக்கும். புருஷன், "நீங்க முன்னாடி போங்க, கரும்பு லோடு அனுப்பிட்டு வந்துடுறேன்" என்று சொல்லியிருப்பார்.

அவர்கள் கேட்கிற கேள்வியும் வேறு. முதல் பிரசவத்துக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "சிஸ்டர், நான் பொழைச்சுக்குவேனா?" என்று கேட்பாள். இரண்டாவதுக்காரி, "சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிடுமா சிஸ்டர்? அரிசி ஊறப்போட்டுட்டு வந்துருக்கேன்" என்பாள். சிரிக்காதீர்கள், நிஜமாகவே ஒருத்தி கேட்டாள்.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரியும். இரண்டாவது சட்டென்று வந்துவிடும். உடம்புக்கு வழி தெரிந்துவிட்டது, தடுமாறாது. அதனால், இரண்டாவது என்று காதில் விழுந்ததுமே கையுறையை மாட்டிக்கொள், பேர் ஊர் எல்லாம் அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்பது என் பழக்கம். பல வருஷம் அது சரியாகத்தான் நடந்தது. ராணி வந்து அதைக் கெடுத்தாள்.

நான் அப்போது திருமானூர் பக்கத்தில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்தேன். அரியலூரும் பெரம்பலூரும் ஒரே மாவட்டமாக இருந்த சமயம். அப்புறம் பிரித்தார்கள், சேர்த்தார்கள், மறுபடி பிரித்தார்கள். எங்கள் ஆபீஸ் ரப்பர் ஸ்டாம்பு பட்ட பாடு யாரும் பட்டிருக்க முடியாது. பெரிய மீட்டிங் என்றால் டாக்டர் மேடம் பெரம்பலூர் வரை போயாக வேண்டும். அன்றைக்கும் போயிருந்தார்.

புதன்கிழமை. புதன் என்றால் தடுப்பூசி நாள். வராந்தா முழுக்கத் தாய்மாரும் பிள்ளைகளும். ஒன்று ஊசி போட்டுக்கொண்டு அழும், ஒன்று அதைப் பார்த்து அழும், இன்னொன்று இவை இரண்டும் அழுகின்றனவே என்று துணைக்கு அழும். அந்தக் கூச்சலுக்கு நடுவில்தான் ராணி பஸ்ஸை விட்டு இறங்கி, வயர் கூடையோடு நடந்து வந்தாள். பின்னால் அவளுடைய மாமியார்.

கொள்ளிடக் கரையோரம் ஒரு ஊரில் வாழ்க்கைப்பட்டவள். தாய்வீடு சிறுவாச்சூர் பக்கம். முதல் பிரசவம் அங்கே இருந்தபோது நடந்தது. பிறந்தது பெண், பெயர் மகாலட்சுமி, வீட்டில் மகா. வயது மூன்று முடிந்திருந்தது.

"வலி எப்ப இருந்தும்மா?" என்றேன்.

"காலைல இட்லி ஊத்தும்போதே லேசா இருந்துச்சுங்க சிஸ்டர். சோறு வடிச்சு, கொழம்பு வச்சிட்டுக் கெளம்பினேன்."

"வலியோடவா கொழம்பு வச்ச?"

"மீன் வாங்கியாந்துட்டாருங்களே. அப்புடியே போட்டுட்டு வந்தா கெட்டுப்போயிடுமில்ல."

பரிசோதித்துப் பார்த்தால் பாதி வேலை முடிந்திருந்தது. தலை கீழே இறங்கியிருந்தது, வலியும் நன்றாக இருந்தது. மாமியாரிடம், "இங்கயே உக்காருங்க, செத்த நேரத்துல பேரப்புள்ள கையில வந்துடும்" என்று பெருமையாகச் சொன்னேன். எங்கள் வார்டு ஆயாம்மா வெந்நீர் வைத்தார். நான் எல்லாவற்றையும் எடுத்து வரிசையாக வைத்துக்கொண்டு தயாராக நின்றேன்.

வலி நின்றுவிட்டது.

குறைந்தது என்றால்கூட பரவாயில்லை. சுவிட்சை அணைத்த மாதிரி நின்றது. ராணி எழுந்து உட்கார்ந்துகொண்டு, தப்பு செய்துவிட்டவள் மாதிரி என்னைப் பார்த்தாள். காப்பி கொடுத்தேன். நடக்கச் சொன்னேன். இடது பக்கமாகப் படுக்கச் சொன்னேன். லேசாக ஒரு வலி எட்டிப்பார்க்கும், அதுவும் கரைந்து போய்விடும். செத்த நேரம் என்று நான் சொன்னது மணிக்கணக்காக நீண்டது. எனக்கு எரிச்சலாக இருந்தது. சொன்ன வார்த்தை பொய்யாகப் போனால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

மாமியார் கதவருகே வந்து நின்றார். நல்ல மனுஷிதான், ஆனால் பொறுமைக்கும் அவருக்கும் ரொம்ப தூரம். "நர்சம்மா, ஒரு வலி ஊசி போட்டு உட்டீங்கன்னா முடிஞ்சிடும்ல?" என்றார்.

"போட முடியாதும்மா."

"எங்கூருக்குப் பக்கத்துல ஒரு அம்மா போடுதுங்களே. கையோட புள்ள வந்துடுது."

அப்படியானால் அந்த அம்மாவிடமே போங்கள் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன். உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும், அதனால் அழுத்திச் சொல்கிறேன். இரண்டாவது பிரசவத்தில் நடுவில் வலி நின்றால், ஏன் நின்றது என்று தெரியாமல் ஊசி போட்டு விரட்டக் கூடாது. ஒருமுறை பிள்ளை பெற்ற கர்ப்பப்பை அது. ஊசி முடுக்கினால் எல்லை தெரியாமல் இழுக்கும், வழியில் ஏதாவது தடை இருந்தால் கிழிந்தே போகும். வாசலில் நிற்கிறவர்கள் என்ன சொன்னாலும் சரி, உங்களைக் கையாலாகாதவள் என்று பேசினாலும் சரி, காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

பெரம்பலூருக்குப் போன் போட்டு, மீட்டிங்கில் இருந்த டாக்டர் மேடத்தைக் கூப்பிட்டுத் தரச் சொன்னேன். என்னைவிட வயதில் சின்னவர், ஆனால் நிதானமானவர்.

"தலை எறங்கியிருக்கா சிஸ்டர்?"

"எறங்கியிருக்கு மேடம். தண்ணிக்குடம் ஒடையல. குழந்தையோட ஹார்ட் சவுண்டு நல்லா இருக்கு."

"ரெண்டாவதுல நடுவுல நிக்கிறது எனக்குப் புடிக்கல. ஜீப்ப ரெடியா வைங்க. அரியலூருக்கு அனுப்பிடலாம். தேவைப்பட்டா அங்க ஆபரேஷன் பண்ணிக்கட்டும்."

அவர் சொன்னது சரிதான். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். டிரைவரிடம் சொல்லி ஜீப்பை வாசலுக்குக் கொண்டுவரச் சொன்னேன். பிறகு ராணியிடம் போய் விஷயத்தைச் சொன்னேன்.

அவள் பயப்படுவாள், ஆபரேஷன் என்றால் எவ்வளவு பெரியதாக அறுப்பார்கள் என்று கேட்பாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு. "அரியலூருன்னா எத்தன நாளுங்க இருக்கணும்?"

"ஆபரேஷன்னா ஒரு வாரம், பத்து நாள் ஆவும்."

"வூட்டுக்குப் போனதும் அவளத் தூக்கலாமா?"

"யார?"

"மகாவங்க. இன்னும் என் இடுப்புலதான் இருப்பா."

"கொஞ்ச நாளைக்கு வெயிட் தூக்கக் கூடாதும்மா. தையல் ஆறணும்ல."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஜீப்பில் ஏற்றுவதற்கு முன்னால் கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று வயிற்றில் கை வைத்து உட்கார்ந்தேன். கைக்குக் கீழே வயிறு மெல்ல இறுக ஆரம்பித்தது. அப்பாடா என்று இருந்தது. அந்த நேரம் வராந்தாவில் ஊசி போட்ட பிள்ளை ஒன்று "அம்மா" என்று வீறிட்டது. ராணி தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள். கழுத்து நரம்பு புடைக்க, காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். என் கைக்குக் கீழே வயிறு இளகிப்போயிற்று. "அவ இல்ல" என்று முணுமுணுத்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் மறுபடி வயிறு இறுகியது. வெளியே வேறொரு பிள்ளை அழுதது. மறுபடி தலையைத் தூக்கினாள், மறுபடி வயிறு தளர்ந்தது. "அவ இல்ல."

கையை எடுத்துவிட்டு அவள் முகத்துக்கு நேராகப் போய் நின்றேன். "ராணி, மகா எங்க இருக்கா?"

"வூட்டுலங்க. என் நாத்தனாருகிட்ட."

"நீ கெளம்பும்போது அழுதாளா?"

அவள் உதடு துடித்தது. "தூங்கிக்கிட்டு இருந்தாங்க சிஸ்டர்" என்றாள். அதற்கப்புறம் அடக்க முடியாமல் கொட்டிவிட்டாள்.

யோசனை மாமியாருடையது. பிள்ளை முழித்திருந்தால் முந்தானையை விடாது, அழ அழ விட்டுவிட்டு இந்த மாதிரி காரியத்துக்குக் கிளம்புவது நல்ல சகுனமும் இல்லை. அதனால் தூங்க வைத்துவிட்டுக் கிளம்பு என்றிருக்கிறார். ராணியும் தட்டிக்கொடுத்துத் தூங்க வைத்திருக்கிறாள். "முந்தானையப் புடிச்சிக்கிட்டே தூங்கினாங்க. ஒவ்வொரு வெரலா எடுத்துட்டு, என் பழைய சேலையக் கையில குடுத்துட்டு வந்துட்டேன். கடைக்குப் போனாக்கூட அவகிட்ட சொல்லிட்டுத்தாங்க போவேன். சொல்லாம எங்கயுமே போனதில்ல. இந்நேரம் எழுந்து வூடு பூரா தேடியிருப்பா."

நம் ஊரில் எந்த வீட்டில்தான் இதைச் செய்யவில்லை? பிள்ளை அழுமே என்று கொல்லைப்பக்கமாக நழுவிப்போகிறோம். கேட்டால் அம்மா கடைக்குப் போயிருக்கு, மிட்டாய் வாங்கிட்டு வரும் என்று சொல்லி வைக்கிறோம். அந்த மாமியாருக்கும் பிள்ளை மேல் பிரியம் இல்லாமல் இல்லை. தங்கச்சியோ தம்பியோ வந்ததும் அம்மா மடி பறிபோய், ஏங்கி மெலிந்துபோகிற பிள்ளையைச் சவலை என்பார்கள். மகா சவலையாகிவிடக் கூடாது, இப்போதிருந்தே அம்மா இல்லாமல் பழகட்டும் என்றுதான் அவர் நினைத்தார். ஆனால் அப்படி நழுவி வந்ததில் யாருடைய உடம்பு முரண்டு பிடிக்கும் என்று அந்த வீட்டில் யாரும் யோசிக்கவில்லை.

முதல் பிரசவத்தில் நம்மிடம் ஒரு பெண் முழுசாக வருகிறாள். அவளுடைய பயம் அவளைப் பற்றியது, நாம் கையைப் பிடித்துக்கொண்டால் போதும். இரண்டாவதில் வருகிறவளுக்கு உடம்புதான் நம் கட்டிலில் இருக்கும், காது வீட்டில் இருக்கும். அங்கே ஒரு பிள்ளை அழுதுகொண்டிருக்கும்போது இங்கே இன்னொன்றைப் பெற அவளுக்கு மனசு வராது. எல்லாருக்கும் வலியே நின்றுவிடும் என்று சொல்லவில்லை. ராணிக்கு நின்றது.

வெளியே போனேன். ராணியின் வீட்டுக்காரர் முருகேசன் அப்போதுதான் டி.வி.எஸ். ஐம்பதில் வந்து இறங்கியிருந்தார். தலைமுடியிலெல்லாம் கரும்புச் சோகைத் தூசி.

"வண்டிய நிறுத்தாதீங்க" என்றேன். "போயி மகாவக் கூட்டிக்கிட்டு வாங்க."

அவர் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா எழுந்தேவிட்டார். "என்ன நர்சம்மா சொல்றீங்க? சின்னப்புள்ளைய இங்க கொண்டாரதா? மெரண்டு போயிடும். ஆத்தா கத்துறதக் கேட்டா புள்ளைக்கு ஜொரம் வந்துடும்."

"உள்ள பிரசவம் பாக்க உடமாட்டேன். ஆத்தா மொகத்தப் பாக்கட்டும், அது போதும்."

ஆயாம்மா என் தோளைத் தட்டிச் சுவரைக் காட்டினார். சிறுவர்களுக்கு அனுமதி இல்லை என்று கொட்டை எழுத்தில் போர்டு. வைக்கச் சொல்லி நச்சரித்ததே நான்தான். "அத இன்னிக்கு மட்டும் திருப்பி மாட்டுங்க ஆயாம்மா" என்றேன். முருகேசன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அம்மா பேச்சைக் கேட்டுப் பழகினவர் அன்றைக்கு என் பேச்சைக் கேட்டார் பாருங்கள், அதற்கே அவருக்கு ஒரு சலாம்.

மறுபடி டாக்டர் மேடத்துக்குப் போன். "மேடம், ஒரு மணி நேரம் குடுங்க. ஜீப் வாசல்லயே நிக்கட்டும்."

"எதுக்கு சிஸ்டர் ஒரு மணி நேரம்?"

"மூத்த புள்ளையக் கூட்டிட்டு வர ஆள் அனுப்பியிருக்கேன்."

திட்டுவார் என்று நினைத்தேன். "உங்க மேல நம்பிக்கை இருக்கு. ஆனா ஹார்ட் சவுண்டு கொஞ்சம் கொறைஞ்சாலும் மூத்த புள்ளைக்காகக் காத்திருக்கக் கூடாது. ஒரு மணி நேரம், அதுக்கு மேல ஒரு நிமிஷம் கெடையாது" என்றார்.

இந்த இடத்தை அவசரமாகத் தாண்டிவிடாதீர்கள். மூத்த பிள்ளையைக் காட்டினால் வலி வந்துவிடும் என்று இதை மருந்து மாதிரி எடுத்துக்கொண்டு நாளைக்கு யாராவது வம்பில் மாட்டிக்கொண்டால் நான் பொறுப்பில்லை. தலை இறங்கியிருந்தது, தண்ணிக்குடம் உடையவில்லை, குழந்தை தெம்பாக இருந்தது. அதனால்தான் காத்திருந்தேன். இதில் ஒன்று சரியில்லை என்றாலும் ராணி எவ்வளவு அழுதாலும் ஜீப்பில் ஏற்றியிருப்பேன். டிரைவர் வண்டியை கேட்டைப் பார்த்துத் திருப்பி நிறுத்திவிட்டு, ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை உள்ளே எட்டிப்பார்த்தார். நானும் ராணியின் வயிற்றில் குழல் வைத்துக் கேட்டபடியே இருந்தேன். பயம் இல்லாமல் இல்லை.  என் கணக்கு தப்பு என்றால் அந்தப் பெண்ணுக்கு ஒரு மணி நேரத்தை நான் வீணாக்கிவிட்டேன் என்றாகிவிடும்.

ராணியிடம், "மகா வந்துக்கிட்டு இருக்கா" என்று மட்டும் சொன்னேன். அவள் எழுந்து உட்கார்ந்து தலைமுடியைக் கோதி, கொண்டை போட்டுக்கொண்டாள். பெண் பார்க்க வருகிறார்கள் என்று சொன்னால்கூட அவ்வளவு அவசரமாகச் சீவிக்கொள்ள மாட்டார்கள்.

கொடுத்த நேரம் முடியப்போகும்போது டி.வி.எஸ். சத்தம் கேட்டது. முன்னால் நின்றபடி மகா வந்தாள். கவுனை முன்பின்னாக மாட்டிவிட்டிருந்தார்கள். அம்மாவின் பழைய சேலை பந்தாகச் சுருட்டி அவள் கக்கத்தில் இருந்தது. அழவில்லை. அழுது முடித்து, முகம் வீங்கி, இப்போது கோபத்தில் இருந்தாள். முருகேசன் கன்னத்தில் நகக்கீறல். "வழி நெடுக அடிச்சிக்கிட்டே வந்தாங்க சிஸ்டர்" என்றார். சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு.

நான் கையை நீட்டினேன். அவள் பிடிக்கவில்லை. தானாகவே நடந்து வந்தாள். அம்மாவைப் பார்த்ததும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்வாள் என்றுதானே நினைப்போம்? கட்டிலுக்கு எட்டாத தூரத்தில் நின்றுகொண்டு விசாரணையை ஆரம்பித்தாள்.

"நீ கடைக்குப் போனியா?"

"இல்லடி."

"அத்த சொல்லுச்சு, கடைக்குப் போயிருக்கேன்னு. மிட்டாய் எங்க?"

"மிட்டாய் இல்ல மகா. நான் கடைக்குப் போவல."

"அப்பா சொல்லுச்சு, கோயிலுக்குப் போயிருக்கேன்னு."

"கோயிலுக்கும் போவல. நான் உங்கிட்ட சொல்லாம வந்துட்டேன். நீ தூங்கினியா, அப்ப வந்துட்டேன். தப்புதான்டி தங்கம்."

"இங்கதான் இருந்தியா?"

"இங்கயேதான் இருந்தேன்."

மகா கிட்டே போனாள். கையை ஓங்கி அம்மாவின் தோளில் ஒரு அடி வைத்தாள். அப்புறம்தான் கட்டிக்கொண்டு அழுதாள். ராணியும் அழுதாள். ஆயாம்மா வெந்நீர்ப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினார்.  என் கை ராணியின் வயிற்றில்தான் இருந்தது, அது இறுகுவது தெரிந்தது. இந்த முறை வெளியே எத்தனை பிள்ளை அழுதும் அது தளரவில்லை.

ராணி பல்லைக் கடித்துக்கொண்டாள். மகா நிமிர்ந்து பார்த்தாள். "வலிக்குதா?"

"வலிக்குது. பாப்பா வரப்போவுது. நீ வெளியில அப்பாகிட்ட இரு. நான் கத்துவேன், பயந்துக்காத. கத்தி முடிச்சதும் உன்னக் கூப்புடுறேன்."

மகா யோசித்தாள். "எங்கயும் போவ மாட்டியே?"

"எங்கயும் போவ மாட்டேன்."

அவ்வளவுதான். முந்தானையைப் பிடிக்கவில்லை, அடம் பிடிக்கவில்லை. ஆயாம்மாவோடு வெளியே போய்விட்டாள். சொல்லிவிட்டுப் போனால் ஊரைக் கூட்டும் என்று பயந்தார்களே, அந்தப் பிள்ளை இதுதான்.

அதற்கப்புறம் இரண்டாவது பிரசவம் இரண்டாவது பிரசவமாக நடந்தது. ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவில் எனக்கு மூச்சுவிட நேரமில்லை. ராணி ஒருமுறை கத்தி ஓய்ந்ததும் கதவுக்கு வெளியிலிருந்து குரல் வந்தது.

"அம்மா! கத்தி முடிச்சிட்டியா?"

"இன்னும் இல்லடி!" என்றாள் ராணி. சொல்லிவிட்டு, அந்த வேதனையிலும் சிரித்தாள். எத்தனையோ பிரசவம் பார்த்திருக்கிறேன், பிள்ளை வெளியே வருகிற நேரத்தில் சிரித்தவள் அவள் ஒருத்திதான்.

அடுத்த வலி வந்து போனது. "இப்ப?"

"இருடி, வரேன்!"

வாசலில் ஊசிக்கு உட்கார்ந்திருந்த பெண்களெல்லாம் சிரிக்கிற சத்தம் கேட்டது. மூன்றாவது தடவை மகா கேட்பதற்குள் குழந்தை என் கையில் இருந்தது. பெண். வந்த வேகத்தில் ஒரு கத்துக் கத்தியது பாருங்கள், அக்காளுக்குச் சளைத்தவளில்லை.

"என்ன புள்ள?" என்று மாமியார் கதவருகே கேட்டார். பொம்பளப் புள்ள என்றேன். பேரனை எதிர்பார்த்திருந்தார் போல. ஆனாலும், "சரி, ரெண்டு பேரும் ஒருத்திக்கொருத்தி தொணையா இருக்கட்டும். மருமவ நல்லா இருக்காளா?" என்றார். அவர் மருமகளைப் பற்றிக் கேட்டதில் எனக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

போன் அடித்தது. டாக்டர் மேடம். "ஜீப் கெளம்பிடுச்சா சிஸ்டர்?"

"ஜீப் கெளம்பல மேடம், புள்ள கெளம்பி வந்துடுச்சு" என்றேன். பெரம்பலூர் மீட்டிங் ஹாலில் அவர் சிரித்தது எனக்கு நன்றாகக் கேட்டது.

அந்த நாளுக்குப் பிறகு இரண்டாவது பிரசவத்துக்கு யார் வந்தாலும் என் முதல் கேள்வி மூத்தது எங்கே என்பதுதான். யாரிடம் விட்டுவிட்டு வந்தாய், அதனிடம் சொல்லிவிட்டு வந்தாயா? கேட்க அரை நிமிஷம் ஆகாது. சில பெண்கள் சாதாரணமாகப் பதில் சொல்வார்கள். சிலர் அந்தக் கேள்விக்காகவே காத்திருந்த மாதிரி அழுதுவிடுவார்கள். அழட்டும். அப்புறம் வேலை சுலபம்.

ராணியிடம் வருகிறேன். குழந்தையைத் துடைத்து, துணியில் சுற்றி, பால் கொடுக்க வைக்கலாம் என்று அவளிடம் நீட்டினேன். அவள் கை நீட்டவில்லை. "கோச்சுக்காதீங்க சிஸ்டர். கத்தி முடிச்சதும் கூப்புடுறேன்னு சொல்லியிருக்கேன். மொதல்ல பெரியவள உள்ள உடுங்க" என்றாள்.

குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டே கதவைத் திறந்தேன். மகா என்னையும் பார்க்கவில்லை, என் கையில் இருந்ததையும் பார்க்கவில்லை. நேராகப் போய்க் கட்டிலில் ஏறி, அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு படுத்துவிட்டாள். ராணி அவள் தலையை மோந்து பார்த்தாள். இரண்டு பேரும் அப்படியே கிடந்தார்கள். நான் நிற்பது அவர்களுக்கு ஞாபகம் இருந்ததா என்றே தெரியவில்லை.

என் கையில் இருந்தவள் பொறுப்பாளா? அழ ஆரம்பித்தாள். சிணுங்கல் கத்தலாகி, முகம் சிவந்து, வாயைத் திறந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டு அழுதாள். மகா தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"ஏன் அழுவுது?"

"அம்மாவக் காணோமாம். தேடுது" என்றேன்.

மகா கொஞ்ச நேரம் குழந்தையையே பார்த்தாள். பகல் முழுக்க அவள் செய்த வேலை அது, அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அம்மாவின் கழுத்திலிருந்து கையை எடுத்தாள். சுவரோரமாக நகர்ந்து இடம் விட்டாள்.

"அழுவாத பாப்பா, அம்மா இங்கதான் இருக்கு" என்றாள். பிறகு என்னைப் பார்த்து ஒரு அதட்டல்: "குடு, சீக்கிரம்!"